மழைக்கால ஆட்டமும் அயலார் நட்பும்

தமிழ்நாட்டிலிருந்து புனே நகருக்கு வந்து குடியேறியுள்ள நாம் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது மழையைப் பற்றிய நமது எண்ணத்தை. நமக்கு மழையென்றால் ஐப்பசி, கார்த்திகை. இங்கோ வைகாசி இறுதியில் தொடங்கிப் புரட்டாசி வரையில் நீளுகிறது மழைக்காலம். தென்மேற்குப் பருவக்காற்று தன் சுமையில் பெரும்பகுதியை ஸஹ்யாத்ரி மலையிலேயே இறக்கிவிடுகிறது. மகாபலேஷ்வரத்தில் ஆண்டுக்கு 500 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. புனேயிலோ ஏறத்தாழ 70 சென்டிமீட்டர்தான். சென்னையில் பெய்வதில் இது பாதியளவே. எனினும் இது கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும் மழையன்று. நாட்கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும் மழை.

இம்மழை மனிதரை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறது. ஊர் புதிது, மொழி புதிது என்ற நிலையில் உள்ள நமக்கு அந்த அடைப்பு இன்னும் இறுக்கமாகத் தோன்றுவது இயல்பே. கிரிக்கெட்டும் டென்னிஸும் தூறலுக்கே நின்றுவிடும். மழை பெய்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நிற்காத ஆட்டங்களுள் ஒன்று கோல்ப். எரவாடாவில் உள்ள பூனா கிளப்பின் 18 குழி மைதானத்திலும், பாவ்தன் பக்கத்துக் குன்றுகளின் மேல் அமைந்த மைதானத்திலும் ஆடி மாதத் தூறலில் குடையும் துவாலையுமாக நடப்போரைக் காணலாம். இது செல்வர் ஆட்டம் என்ற பெயர் பொய்யன்று. ஆயினும் இதன் விதிகளில் பொதிந்துள்ள ஒரு நியாயம், மட்டையைத் தொட்டறியாதவர்க்கும் பயன்படக்கூடியது. அதனையே இன்று ஆராய்வோம்.

மழை இவ்வாட்டத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதை முதலில் நோக்குவோம். நம் நாட்டு மைதானங்களில் பெரிதும் வளர்க்கப்படும் பெர்முடா புல், பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அறுகம்புல் இனமேயாகும். மழை கண்டதும் அது தழைத்து ஓங்கும். ஈரப் புல்லில் பந்து உருண்டோடாது; விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். சில வேளை சேற்றில் புதைந்தும் போகும். மட்டைக்கும் பந்துக்கும் இடையே நீர் புகுவதால், அடித்த பந்து எங்குச் செல்லும் என்று துணிந்து கூற இயலாது. கைப்பிடி நழுவும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் குடையின் உட்கம்பியில் உலர்ந்த துவாலையைத் தொங்கவிடுவர். வழக்கத்தினும் தொலைவு செல்லும் மட்டையை எடுத்து, வேகத்தைக் குறைத்து அடிப்பர்.

விதிகளும் மழைக்கு இடங்கொடுக்கின்றன. 1744-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் பதின்மூன்று விதிகளுடன் தொடங்கிய சட்டம் இன்று விரிந்து வளர்ந்துள்ளது. மழைநீர் தற்காலிகமாகத் தேங்கிய இடத்தில் பந்து கிடந்தால், அபராதமின்றி அதை எடுத்து, நீரில்லாத மிக அருகிலான இடத்தைக் குறித்து, அங்கிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், குழிக்கு அருகே செல்லாத வண்ணம் விடலாம். 2019 முதல் பந்தை முழங்கால் உயரத்திலிருந்தே விடவேண்டும். ஆனால் நிலம் வெறுமனே ஈரமாயிருப்பதோ, சேறாயிருப்பதோ இச்சலுகைக்குப் போதாது; நீர் கண்ணுக்குப் புலப்பட வேண்டும்.

புலப்பட்டதா இல்லையா என்று தீர்ப்பளிப்பவர் யார்? பெரும்பாலும் ஆடுபவரேதான். இங்கேதான் தனித்து ஆடுவதன் இனிமையும் குறையும் ஒருங்கே விளங்குகின்றன. தனித்து ஆடும்போது அவசரமில்லை, ஏளனமில்லை, ஒரே அடியைப் பத்து முறை பழகலாம். மழையோசையும் தன் காலடியோசையுமே துணை. அந்த அமைதியை இகழ்வதற்கில்லை. ஆனால் அன்று எத்துணைச் சிறப்பாக ஆடினாலும் அது கணக்கில் ஏறாது. வல்லவரும் எளியவரும் சமமாக மோதுவதற்கென ஒவ்வொருவருக்கும் ஹாண்டிகாப் என்னும் சலுகை எண் வகுக்கப்படுகிறதன்றோ? 2020-இல் உலகெங்கும் ஒன்றாக்கப்பட்ட அம்முறையின்படி, உடன் ஒருவரேனும் இருந்து ஆடிய ஆட்டமே ஏற்கப்படும். அடிகளை எண்ணும் போட்டியிலோ, நமது எண்ணிக்கையைக் குறிப்பவர் மற்றொருவர். முடிவில் அவர் கையெழுத்திட்டாலன்றி நம் சீட்டு செல்லாது.

அந்த மற்றொருவர் நண்பராயிருக்க வேண்டும் என்று விதி கூறவில்லை. மழை நாளில் மைதானத்துக்கு வருவோர் சிலரே. அவர் மராத்தியராக இருக்கலாம். ஓய்வுபெற்ற படைவீரராக இருக்கலாம். நேற்று வந்திறங்கிய இளம் பொறியாளராக இருக்கலாம். அவர் நம் பந்தைத் தேட உதவுகிறார். நாம் அடிக்கும்போது அசையாது நிற்கிறார். நாம் நம்மீது சொல்லிக்கொண்ட அபராத அடியையும் எழுதிக்கொள்கிறார். இதற்கு இருபது மராத்திச் சொற்கள் போதும். நான்கு மணி நேரம் நடந்தபின் நம் நாணயத்துக்கு அவர் சாட்சி. அவர் நாணயத்துக்கு நாம் சாட்சி.

மூன்றாமவர் ஒருவரும் உண்டு. மட்டைப் பையைச் சுமந்து வருபவரை இங்குக் கேடி என்பர். தமிழ்நாட்டில் அச்சொல்லுக்கு உள்ள பொருளை எண்ணி நாம் திடுக்கிட வேண்டுவதில்லை. இது உழைப்பால் உயர்ந்த தொழிலின் பெயர். டில்லியில் பை சுமந்து வளர்ந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே. பெங்களூரில் அவ்வாறே தொடங்கிய சின்னஸ்வாமி முனியப்பா 2009-இல் அதே பட்டத்தைப் பெற்றார். சுற்றுக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோருக்கு ஆட்டமில்லாத மழை நாள் வருவாயில்லாத நாள். மழையில் ஆட வருவோர் இதனை நினைவிற்கொள்வது நன்று.

துணை வேண்டுவதற்கு இன்னொரு காரணம் இடி. புனேயில் நடுப்பருவத்துத் தூறலில் இடி குறைவு. பருவம் தொடங்கும் முன்னும் விலகும் போதுமே மிகுதி. 1975-இல் அமெரிக்காவில் சிகாகோ அருகே நடந்த போட்டியில் புகழ்பெற்ற லீ ட்ரெவினோ மின்னலால் தாக்குண்டார். முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மீண்ட அவர், 1984-இல் மீண்டும் ஒரு பெரும் பட்டம் வென்றார். மின்னல் அபாயம் உண்டென நியாயமாகக் கருதினால் ஆட்டத்தை நிறுத்த ஆட்டக்காரருக்கு விதியே உரிமை தருகிறது. தனிமரத்தடியும் விரித்த குடையும் காப்பாகா. கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ சென்று, கடைசி இடிமுழக்கத்துக்குப்பின் அரைமணி நேரம் காத்திருத்தல் வேண்டும். திறந்தவெளியில் ஒருவர் வீழ்ந்தால் உடனே கைகொடுக்க அருகில் இருப்பவர் வேண்டும். அப்போது அவர் எம்மொழியினர் என்று யாரும் கேளார்.

நேயர்களே, கிர்க்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் புறநகர்க் குடியிருப்புகளிலும் வாழும் நம்மில் பலர் கோல்ப் மட்டையை எடுக்கப்போவதில்லை. ஆயினும் அயலூரில் நமது வாழ்வும் ஒருவகையில் சீட்டில் எழுதப்படும் ஆட்டமே. நாம் எத்துணை நேர்மையாக வாழ்ந்தாலும், உடன் நடந்து கண்ட ஒருவர் அதற்குச் சான்று பகர வேண்டியிருக்கிறது. வீட்டை வாடகைக்குப் பெறவும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும், நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடவும் நமக்குத் தேவைப்படுபவர் அடுத்த வீட்டு அயலாரே. அவரோடு அறிமுகமாவதற்கு நல்ல வானிலை வரட்டும் என்று காத்திருக்க வேண்டுவதில்லை. குடையை எடுத்துக்கொண்டு இம்மழையிலேயே புறப்படலாம்.