தீர விசாரிப்பதே மெய்



கெடில ஆற்றை அடுத்து அமைந்தது எங்கள் திருநாவலூர். இன்று அது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் இருக்கிறது. பண்டைக் காலத்தில் திருமுனைப்பாடி நாட்டில் அடங்கியிருந்தது. சுந்தரர் பிறந்த ஊர் என்பதே அதன் பெருமை. அவர் சிறு குழந்தையாகத் தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய பொழுது, அவ்வழியே வந்த நரசிங்க முனையரையர் என்னும் அரசர் அக்குழந்தையைக் கண்டு விருப்பம் கொண்டார். தம் மகனாக வளர்க்க எண்ணினார். நாட்டை ஆள்பவர் நினைத்தால் கேளாமலே தூக்கிச் சென்றிருக்கலாம். அவரோ தந்தையார் சடையனாரிடம் வேண்டிப் பெற்றுச் சென்றார் என்கிறது பெரிய புராணம்.

இக்கதையைப் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இதிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. பெற்றோரின் குழந்தை மீது அரசுக்கு உரிமை உண்டா? உண்டென்றால் எப்பொழுது உண்டு? ஒரு குழந்தைக்குக் காயம் பட்டிருக்கிறது. அது விபத்தா, கொடுமையா என்று அரசு விசாரிக்க வருகிறது. அப்பொழுது வீட்டாரும் அயலாரும் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? விசாரிப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். நூலில் படித்ததைக் காட்டிலும், நான் பிழை செய்து கற்றதே இப்பேச்சில் மிகுதி.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு சிறுமி படித்து வந்தாள். ஆறாம் வகுப்பு. அவள் பெயரையும் ஊரையும் சொல்லேன். விசாரணைக்கு உள்ளான குழந்தை இன்னார் என்று வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும் பண்பாடு தடுக்கும். அவளுக்கு இரண்டரை வயதில் ஒரு தம்பி. தந்தைக்கு வெளியூரில் வேலை. அது கரும்பு வெட்டும் காலம். தாய் விடியும் முன்பே வெட்டுக்குப் போய்விட்டாள். பாட்டி சோறு வடித்து, கஞ்சிக் குண்டானை அடுப்போரத்துத் திட்டின் மேல் வைத்துவிட்டு, ரேஷன் கடைக்குப் புறப்பட்டாள். தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காகச் சிறுமியை அன்று பள்ளிக்கு அனுப்பவில்லை. அவள் குடம் எடுத்துக்கொண்டு வாசற்குழாய்க்குப் போனாள். திரும்புவதற்குள் அலறல் கேட்டது. குழந்தை குண்டானின் விளிம்பைப் பிடித்து இழுத்துவிட்டான். கொதிக்கும் கஞ்சி தொடையில் கொட்டிக் காலில் வழிந்துவிட்டது.

வெந்த இடத்தில் உடனே குளிர்ந்த நீரை இருபது நிமிடம் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் முதலுதவி. அவ்வீட்டில் அது தெரியவில்லை. இட்லி மாவை எடுத்துப் பூசினார்கள். ஓர் இரவு கழிந்தது. மறுநாள் கொப்புளம் பெருத்துக் காய்ச்சலும் கண்ட பின்பே மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

அங்கே பாட்டி ஒரு பொய் சொன்னாள். பேத்தியின் மேல் பழி வந்துவிடக் கூடாதே என்ற அன்பில் பிறந்த பொய் அது. ‘குளிப்பாட்டுவதற்கு இறக்கி வைத்த வெந்நீரில் காலை விட்டுவிட்டான், நான்தான் பக்கத்தில் இருந்தேன்’ என்றாள். தாயோ, ‘கஞ்சி கொட்டியதாகச் சொன்னார்கள்’ என்று செவிலியரிடம் சொல்லியிருந்தாள்.

காயமும் பேசும், நண்பர்களே! மேலிருந்து கொட்டிய நீர், விழுந்த இடத்தில் அகலமாகவும் ஆழமாகவும் சுடும். கீழே வழிய வழியக் குறுகும். அதன் விளிம்பு ஒழுங்கற்று இருக்கும். வெந்நீருக்குள் கால் அமிழ்ந்திருந்தால் காலுறை போட்டாற்போல் ஒரே மட்டத்தில் கோடு விழும். குழந்தையை வலிய வெந்நீரில் அமிழ்த்தும் கொடுமையிலும் அத்தகைய கோடே விழும் என்பதை மருத்துவர்கள் அறிவார்கள். இக்குழந்தைக்குத் தொடை வெந்திருந்தது, உள்ளங்கால் வேகவில்லை. சொன்ன கதை ஒன்று, உடம்பில் கண்ட கதை வேறு. போதாக்குறைக்கு ஒரு நாள் தாமதம். உண்மையைச் சொல்லியிருந்தால் சாதாரண விபத்தாகக் கருதப்பட்டிருக்கும். பொய் சொன்னதனால் ஐயத்துக்கு இடமாயிற்று. மருத்துவமனையிலிருந்து செய்தி சென்றது; குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் விசாரணைக்கு வந்தார்.

எங்கள் பக்கத்தில் மனு எழுத வேண்டுமானால் ஆசிரியர் வீட்டுத் திண்ணைக்கு வருவது வழக்கம். பாட்டி வந்தாள். ‘ஐயா, பெண்பிள்ளையை விசாரிக்கிறேன் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டால் நான் என்ன செய்வேன்? நான்தான் கூட இருந்தேன் என்று எழுதிக் கொடுங்கள்’ என்று அழுதாள். அச்சொல்லில் ஒரு முடிச்சு இருந்ததை நான் உணராமல் இல்லை. ஆயினும் அவிழ்த்துப் பார்க்க முயலவில்லை. இரக்கத்தின் பெயரால் எழுதிக் கொடுத்தேன். அதுவே நான் செய்த பிழை.

அரசு எதற்காக ஒரு வீட்டுக்குள் வந்து கேள்வி கேட்கிறது? குழந்தை தன் வழக்கைத் தானே சொல்ல இயலாது என்பதே காரணம். சிறுவர்களைக் காப்பதற்கு இந்திய மாகாணங்களுள் முதன்முதலில் சட்டம் இயற்றியது நம் சென்னை மாகாணமே, ஆண்டு 1920. ஆனால் வீட்டுக்குள்ளே பெரியவர்களால் குழந்தைகள் காயப்படுவதை மருத்துவ உலகம் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது 1962-இல்தான். அமெரிக்காவில் டென்வர் நகரத்து மருத்துவர் கெம்பியும் அவருடைய தோழர்களும் அவ்வாண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தற்செயல் என்று சொல்லப்படும் எலும்பு முறிவுகள் பல தற்செயலானவை அல்ல என்று அது காட்டிற்று. ஐயம் தோன்றினால் மருத்துவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க மாநிலங்கள் எல்லாம் சில ஆண்டுகளுக்குள் சட்டம் செய்தன. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை குழந்தை உரிமை உடன்படிக்கையை நிறைவேற்றியது; 1992-இல் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதானால் அது குழந்தையின் நன்மைக்கு இன்றியமையாததாக இருக்க வேண்டும், நீதிமன்ற ஆய்வுக்கும் உட்பட வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர், அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். சமூக விசாரணையைப் பதினைந்து நாளில் முடிக்க வேண்டும் என்றும், குழந்தை முதன்முதல் குழுவின் முன் வந்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் முடிவான ஆணை பிறக்க வேண்டும் என்றும் அச்சட்டம் காலம் வகுக்கிறது. குழந்தையைப் பேணும் முதற்பொறுப்பு அதன் குடும்பத்துக்கே உரியது. இல்லங்களில் சேர்ப்பது வேறு வழி இல்லாதபோது செய்யும் கடைசி ஏற்பாடு. இவை அச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகள். பாட்டிக்கு இதைச் சொல்லியிருந்தால் அவள் அச்சம் பாதி தணிந்திருக்கும். சொல்வதற்கு அன்று எனக்கே தெரியாது.

திருநாவலூருக்கு அண்மையில் உள்ள திருவெண்ணெய்நல்லூரைச் சுந்தரர் வரலாறு படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். மணக்கோலத்தில் இருந்த சுந்தரரைத் தம் அடிமை என்று முதியவர் ஒருவர் வழக்கிட்டார். சுந்தரர் சினந்து அவர் காட்டிய ஓலையைக் கிழித்து எறிந்தார். ஆனால் அவ்வூர்ச் சபையார் சினம் கொள்ளவில்லை. முதியவர் சொன்னதை உடனே நம்பிவிடவும் இல்லை. வழிவழி வந்த நடைமுறை, எழுதிய ஆவணம், அயலார் கண்ட சாட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் காட்டும்படி கேட்டார்கள். மூல ஓலையை வாங்கிக் கையெழுத்தை ஒப்பிட்டார்கள். அதன் பின்பே தீர்ப்புச் சொன்னார்கள்.

எங்கள் மாவட்டத்து விசாரணையும் அம்மூன்று வழியாகவே சென்றது. அலுவலர் வீட்டுக்குப் போனார். அடுப்பு எங்கே, திட்டு எவ்வளவு உயரம், குழந்தையின் கை எதுவரை எட்டும் என்று பார்த்தார். அது வீட்டு நடைமுறை. அடுத்த வீட்டுப் பெண்ணைக் கேட்டார். ‘அலறல் கேட்டு ஓடி வந்தேன்; அக்காள்காரிதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்’ என்றாள் அவள். அது அயலார் சாட்சி. பிறகு பள்ளிக்கு வந்து வருகைப் பதிவேட்டைக் கேட்டார். அது ஆவணம். அன்றைய தேதியில் சிறுமியின் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று என் கையாலேயே குறித்திருந்தேன். என் மனு சொன்னது ஒன்று. என் பதிவேடு சொன்னது மற்றொன்று!

குழுவின் முன் நானும் அழைக்கப்பட்டேன். பெண் உறுப்பினர் ஒருவர், ‘ஐயா, இம்மனு தங்கள் கையெழுத்தா?’ என்று கேட்டார். ‘ஆம்’ என்றேன். ‘நடந்ததைத் தாங்கள் பார்த்தீர்களா?’ ‘இல்லை.’ ‘பார்த்தவர் யாரையாவது கேட்டீர்களா?’ எனக்கு வாய் எழவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டே பழகிய நான், கேட்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

அதன்பின் எங்களை எல்லாம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவ்வம்மையார் சிறுமியோடு தனியாகப் பேசினார். அரைமணி நேரம் சென்றது. அவள் அழுதுகொண்டே வந்தாள். ஆனால் முகம் தெளிந்திருந்தது. பின்னொரு நாள் அவள் என்னிடம் சொன்னாள்: ‘ஐயா, அந்த அம்மா நீ என்ன தப்புச் செய்தாய் என்று கேட்கவில்லை. அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்றுதான் கேட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.’ குற்றஞ்சாட்டும் கேள்விக்கும் உண்மையைத் தேடும் கேள்விக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட நன்றாக நான் எங்கும் கற்றதில்லை.

முடிவு என்ன? காயம் ஆறியதும் குழந்தை தாயோடு வீட்டுக்குத் திரும்பினான். அடுப்பை உயர்த்திக் கட்ட வேண்டும், சிறுவனை அங்கன்வாடியில் விட வேண்டும், சிறுமியை நாள் தவறாமல் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று குழு சொல்லிற்று. சில மாதங்கள் அலுவலர் வந்து பார்த்தார். ஒருவரும் பிரிக்கப்படவில்லை.

எல்லா இடத்திலும் முடிவு இவ்வளவு நன்றாக அமைவதில்லை. 2000-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில், உறவினர் பொறுப்பில் இருந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கொடுமைக்கு உள்ளாகி இறந்தாள். மருத்துவமனையும் காவல்துறையும் நலத்துறையும் அவளை முன்பே கண்டிருந்தன. காப்பாற்றியிருக்கக்கூடிய வாய்ப்புகள் பன்னிரண்டுக்குக் குறையாமல் நழுவவிடப்பட்டன என்று 2003-இல் லாமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை கூறிற்று. சொன்ன விளக்கத்தை நம்பி அரைகுறையாக விசாரித்ததன் விளைவு அது.

இதற்கு மறுபுறமும் உண்டு. 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில், பெர்லின் நகரில் வாழ்ந்த குஜராத்தியப் பெற்றோரின் ஏழு மாதக் குழந்தைக்குக் காயம் ஏற்பட்டது. தற்செயலாக நேர்ந்தது என்றனர் பெற்றோர். குழந்தையை அந்நாட்டு இளையோர் நலத்துறை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2022 பிப்ரவரியில், பெற்றோர் மீதான குற்ற விசாரணை வழக்குத் தொடராமல் முடிக்கப்பட்டது. ஆயினும் 2023 ஜூனில் அந்நகர நீதிமன்றம் குழந்தையைப் பெற்றோரிடம் ஒப்படைக்க மறுத்துவிட்டது. தாய்மொழியும் பண்பாடும் அறியாமல் குழந்தை வளர்கிறதே என்று இந்திய அரசு கவலை தெரிவித்தது. இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஒன்று மட்டும் சொல்வேன். பெரியவர்களுக்கு இரண்டு ஆண்டு என்பது வழக்கின் ஒரு பகுதி. குழந்தைக்கோ அதுவே பேசக் கற்கும் பருவம் முழுவதும். அரைகுறை விசாரணை உயிரைக் குடிக்கும். நீண்டுகொண்டே போகும் விசாரணை உறவைத் தேய்க்கும்.

வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தைத் தொடங்கும்போதே ஆராய்தலையும் ஒருபால் சாயாமையையும் சேர்த்து வைக்கிறார். ஆராயாத இரக்கமும் ஒருவகைச் சாய்வே என்பதை நான் பட்டறிந்தேன்.

ஆகவே, இளைஞர்களே, உங்களுக்குச் சில சொற்கள். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு அடிபட்டால் முதலில் மருத்துவரிடம் ஓடுங்கள். தாமதம் காயத்தையும் வளர்க்கும், ஐயத்தையும் வளர்க்கும். நடந்ததை நடந்தவாறே சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது குற்றமாகாது. மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். விசாரிக்க வருபவர் யார், எந்த அதிகாரத்தில் வருகிறார் என்று பணிவோடு கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அயல் வீட்டில் நடந்தது பற்றி உங்களைக் கேட்டால், கண்டதை மட்டும் சொல்லுங்கள். ஊரார் பேசுவதைச் சாட்சியமாக்காதீர்கள். ஒரு குழந்தை உண்மையிலேயே துன்பப்படுகிறது என்று கண்டால் 1098 என்னும் எண்ணைத் தொலைபேசியில் அழைக்கத் தயங்காதீர்கள்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் மொழி. விசாரிப்பவருக்கு மட்டும் சொன்னது அன்று அது. அஞ்சி நிற்பவருக்கும் அதுவே ஆறுதல். தீர விசாரித்தால் உண்மை நம்மைக் காக்கும்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் ஓய்வு பெறும் வரையில் நான் ஒரு வழக்கத்தை விடாமல் கைக்கொண்டேன். பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று குறித்தால், அன்று மாலையே அவ்வீட்டு வழியாக நடந்து சென்று, பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டுத்தான் என் வீட்டுக்குத் திரும்புவேன்.