கிருமிகளின் கூட்டமும் கணிப்பொறியின் கணக்கும்

(திண்டிவனத்தில் நடைபெற்ற கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கிருமியைப் பற்றியா பேசுவது என்று பெரியவர்கள் எண்ணக்கூடும். தீட்டு என்று சொல்லி நம்மைக் கிணற்றடியிலிருந்து விலக்கி வைத்த வரலாறு நமக்கு உண்டு. உண்மையான அசுத்தம் எது, அது எவ்வாறு பரவுகிறது என்று ஆராய்ந்து சொல்லும் அறிவு நம் பிள்ளைகளின் கையில் இருக்க வேண்டும். ஆகவேதான் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

நம் பொதுக்குழுவுக்குப் போதிய உறுப்பினர் வராவிட்டால், 'கோரம் இல்லை' என்று கூட்டத்தை ஒத்திவைக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவும் ஏறக்குறைய அவ்வாறே நடக்கிறது. கணவாய் மீனின் உடலில் தங்கி ஒளிவிடும் விப்ரியோ பிஷெரி என்றொரு வகை உண்டு. அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளைச் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. கூட்டம் சிறிதாயின் அப்பொருள் நீரில் கலைந்து போகிறது, ஒளி பிறப்பதில்லை. கூட்டம் பெருகி, அப்பொருளின் செறிவு ஓர் எல்லையைக் கடந்ததும் யாவும் ஒருங்கே ஒளிர்கின்றன. 1970-ஆம் ஆண்டில் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் ஆகிய அறிஞர்கள் இதனை வெளியிட்டனர். காலராக் கிருமியோ வேறு விதம். சிலவாக இருக்கையில் குடலில் ஒட்டி நஞ்சை உண்டாக்குகிறது. பெருகிய பின் அதைக் குறைத்துக்கொண்டு, பிரிந்து வெளியேறுகிறது.

இதில் எண்ணிக்கை மட்டுமன்று, இடமும் முக்கியம். ஓடும் நீரில் செய்தி அடித்துச் செல்லப்படும். மூலையில் தேங்கி நிற்கும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் வழவழப்பாகப் படிகிறதே, அதுவும் இவ்வாறு கூடி வாழும் நுண்ணுயிர்களின் குடியிருப்பே. இலட்சக்கணக்கான உயிர்கள் ஒன்றையொன்று பாதிப்பதை மனிதன் மனக்கணக்காகப் போட இயலாது. எனவே கணிப்பொறியை நாடுகிறார்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தில் எத்தனை கிருமி, எவ்வளவு உணவு, எவ்வளவு செய்திப்பொருள் என்று குறிக்கிறார்கள். உண்பது, பெருகுவது, நகர்வது, பக்கத்துக் கட்டத்துக்குப் பொருள் பரவுவது ஆகியவற்றுக்கு விதிகள் அமைக்கிறார்கள். கணிப்பொறி நொடிக்கு நொடி கணக்கிட்டு, அடுத்து என்ன நிகழும் என்று காட்டுகிறது.

கிருமிகள் செய்தியைப் போலவே உணவையும் கழிவையும் பரிமாறிக்கொள்கின்றன. அதைக் கணக்கிட்ட ஒரு முயற்சி நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. பூமியைச் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் உட்பரப்பில், ஏழு இடங்களில், மூன்று பயணங்களின்போது எடுத்த மாதிரிகளைச் சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்களும் அமெரிக்காவின் நாசா ஆய்வுக்கூடத்தினரும் ஆராய்ந்து, 2022-இல் முடிவை வெளியிட்டனர். நாசா தரப்பில் இருந்தவர் கஸ்தூரி வெங்கடேசுவரன் என்னும் தமிழர். எந்தக் கிருமி எதை உண்ணும், எதை வெளியிடும் என்பதை அவற்றின் மரபணுக்களைக் கொண்டு அறிந்து, தனித்து வாழ்ந்தால் எவ்வளவு வளரும், சேர்ந்து வாழ்ந்தால் எவ்வளவு வளரும் என்று கணக்கிட்டனர். நுரையீரல் அழற்சி தரும் கிளெப்சியெல்லா நிமோனியே என்னும் கிருமி, பன்டோயா போன்ற சில கிருமிகளுக்குத் துணை செய்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று கணக்கு கூறியது.

இங்கேதான் நீங்கள் உற்று நோக்க வேண்டும். கணக்கு சொல்லிவிட்டது என்று அவர்கள் நின்றுவிடவில்லை. அந்தக் கிருமியையும் பூஞ்சையையும் ஆய்வுக்கூடத்தில் ஒன்றாக வளர்த்துப் பார்த்தனர். பூஞ்சையின் வளர்ச்சி குன்றியது கண்கூடாயிற்று. அதன் பின்னரே தம் முடிவை உறுதிப்படுத்தினர். கணிப்பொறி நாம் கொடுத்த விதியைத்தான் திருப்பிச் சொல்லும். விதி பிழையானால் விடையும் பிழை. 'எழுதி வைத்திருக்கிறது, ஆகவே உண்மை' என்ற சொல்லால் தலைமுறை தலைமுறையாகத் துன்புற்றவர்கள் நாம். எழுதியது ஏடாயினும் இயந்திரமாயினும், சோதித்துப் பார்த்தே ஏற்க வேண்டும் என்பதை நம்மைக் காட்டிலும் அறிந்தவர் யார்?

இளைஞர்களே! விழுப்புரம் சந்திப்பில் மயிலாடுதுறை வண்டி ஏறினால், கடலூருக்கு அப்பால் பரங்கிப்பேட்டை வரும். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்குப் பணியாற்றிய அஜ்மல் கான் அவர்களின் பெயரை, விண்வெளி நிலையத்தில் கண்டெடுத்த ஒரு புதிய பாக்டீரியாவுக்கு 2021-இல் சூட்ட முன்மொழிந்தார்கள். நாம் நாள்தோறும் காணும் தண்டவாளத்தின் ஓரத்து ஊர் அது.

ஆகவே, உயிரியல் எடுத்தவர் கணிதத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். கணிதம் எடுத்தவர் உயிரியலை ஒதுக்க வேண்டாம். இவ்விரண்டும் சேரும் இடத்தில்தான் இந்தப் புதிய துறை இருக்கிறது. பெற்றோர்களே, பெண் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இக்கழகத்தின் மேடையில் இப்பொருளைப் பற்றிப் பேச வருபவர், அதைப் படித்துச் சொல்பவராக மட்டும் இல்லாமல், ஆய்ந்து கண்டவராக, நம் தெருவில் பிறந்தவராக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.