பக்கவாதத்தில் ரத்தக்குழாயைப் படமெடுத்தல்: எப்போது எந்த முறை?

பக்கவாத நோயாளியின் வீட்டார் எங்களிடம் ஓயாமல் கேட்கும் கேள்வியையே இன்று பேசுபொருளாக எடுத்துக்கொண்டேன்: "டாப்ளர்தான் எடுத்தாச்சே டாக்டர், அப்புறம் எதுக்கு சி.டி. ஆஞ்சியோ?"

மூளையின் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் கலையை 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்தார். அது பிறகு தொடை வழியே நுண்குழாய் செலுத்தும் முறையாக வளர்ந்தது. படம் துல்லியமானது, ஆபத்தும் உடன் வரும். 1995இல் வெளியான ஏ.சி.ஏ.எஸ். ஆய்வில், கழுத்துத் தமனி அறுவைக்குக் கணக்கிட்ட ஆபத்து 2.3 சதவீதம். அதில் ஏறத்தாழ பாதி, அறுவைக்கு முன் எடுத்த அந்தப் படத்தாலேயே வந்தது! உடலுக்குள் குழாய் செலுத்தாத முறைகளைத் தேடியதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

அவற்றில் ஒன்றான டாப்ளர் என்னும் மீயொலிச் சோதனை எளிது, மலிவு, கட்டிலருகிலேயே செய்யலாம். கழுத்தில் ஜெல் தடவிக் கருவியை வைத்தால் ரத்தத்தின் வேகம் தெரியும். குழாய் சுருங்கிய இடத்தில் வேகம் கூடும். நொடிக்கு 230 சென்டிமீட்டரைத் தாண்டினால் அடைப்பு 70 சதவீதமோ அதற்கு மேலோ எனக் கொள்கிறோம். சிக்கல் எங்கே என்றால், இழையளவு ரத்தம் மட்டும் கசிந்தோடும் தமனியில் வேகம் படுத்துவிடும். "முழு அடைப்பு" என்று அறிக்கை வந்துவிடும். முழுதாக அடைத்த தமனியில் பொதுவாக அறுவை செய்வதில்லை; ஆகவே இந்த ஒரு சொல் நோயாளியின் சிகிச்சையையே மாற்றிவிடும். சுண்ணாம்பு படிந்த இடத்தில் நிழல் விழும். செய்பவரின் கைப்பழக்கமும் முக்கியம்.

சி.டி. ஆஞ்சியோ மார்பிலிருந்து உச்சந்தலைவரை சில நொடிகளில் காட்டும். அயோடின் மருந்து ஏற்ற வேண்டும். சுண்ணாம்புப் படிவு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். எம்.ஆர். ஆஞ்சியோவில் ஒரு வகைக்கு மருந்தே வேண்டாம், ரத்த ஓட்டமே படமாகும். ஆனால் ஓட்டம் சுழன்றாலோ மந்தமானாலோ அடைப்பை மிகைப்படுத்திவிடும். நேரமும் பிடிக்கும்.

எடின்பரோவின் ஜோனா வார்ட்லா குழு 41 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் லான்செட்டில் எழுதியது. கடுமையான அடைப்பைக் கண்டறிவதில் மருந்து ஏற்றிய எம்.ஆர். ஆஞ்சியோ 94 சதவீதத்துடன் முன்னின்றது; சி.டி. 76தான். ஆயினும் அது பழைய சி.டி. இயந்திரங்களின் கணக்கு. அதை இன்றைய தரவரிசையாக ஓதுவது தவறு.

என் கருத்து இது. கைகால் இழுத்துக்கொண்டு வந்தவருக்கு முதலில் சி.டி.யும் சி.டி. ஆஞ்சியோவும். பெரிய குழாய் அடைத்திருந்தால் ரத்தக்கட்டியை உருவி எடுக்கலாம் என்று 2015இல் ஐந்து ஆய்வுகள் நிறுவிவிட்டன. அங்கே ஒவ்வொரு நிமிடமும் மூளை போகிறது. சிறுநீரக நோய் இருந்ததாகத் தகவல் இல்லாதவருக்கு அயோடின் மருந்து ஏற்ற, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வந்த வேகத்தில் சரியாகிப்போன சிறு பக்கவாதத்துக்கு முதலில் அன்றே டாப்ளர் போதும். ஆனால் கத்தி வைக்கும் முன் வேறொரு படமெடுப்பு முறையும் அதையே சொல்ல வேண்டும். ஆசியர்களுக்கு மண்டைக்குள் அடைப்பு அதிகம் என்பதால், கழுத்து டாப்ளர் நன்றாக இருந்ததை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்பலாகாது.

நோயாளியின் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: வேறு மருத்துவமனைக்குப் போகும்போது அறிக்கைத்தாளோடு நிறுத்தாமல், படங்கள் உள்ள குறுந்தட்டையும் கேட்டு வாங்கி எடுத்துச் செல்லுங்கள்.