தவிடு நீங்கிய அரிசி

ஒரு நிலத்திற்குரிய கருப்பொருள்களை வகுத்துரைக்கும் தொல்காப்பியர் தெய்வத்தை அடுத்து உணவையே வைக்கிறார். மாவும் மரமும் புள்ளும் பறையும் யாழும் அதன் பின்னரே வருகின்றன. ஒரு நிலத்து மக்களை அறிய விரும்புவோர், அவர்கள் வணங்குவதற்கு அடுத்தபடியாக அவர்கள் உண்பதை நோக்க வேண்டும் என்பது அவர் கருத்தாதல் கூடும். ஐந்திணைப் பாகுபாட்டைக் காதல் ஒழுக்கத்தின் பின்புலமாக மட்டுமே கற்பித்துப் பழகிய வகுப்பறைகளில் இச்செய்தி வெறும் பட்டியலாகக் கடந்து போய்விடுகிறது.

அப்பட்டியலைக் காட்சியாக்கிக் காட்டியவர் பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார். இளந்திரையனை நாடிக் காஞ்சிக்குச் செல்லும் பாணன் வழிநெடுகிலும் விருந்துண்டு செல்கிறான். பாலை நிலத்து எயிற்றியர் நிலத்தைக் கிளறித் திரட்டிய புல்லரிசியை நில உரலில் குற்றிச் சமைத்து, உப்புக்கண்டத்தோடு படைக்கின்றனர். கோவலர் குடியில் பாலொடு தினைச்சோறு கிடைக்கிறது. முல்லை நிலத்து உழவரிடம் வரகுச்சோறும் அவரையும் கிடைக்கின்றன. மருத நிலத்தில் வெண்ணெல் சோறும் வீட்டில் வளர்த்த கோழியும் காத்திருக்கின்றன. வலைஞர் குடியிலோ தீட்டாத அரிசிக் கூழிலிருந்து வடித்த நறும்பிழியும் சுட்ட மீனும் உண்டு. ஒரு மன்னனின் ஆட்சிப் பரப்பிற்குள், ஒரே பயணத்தில், இத்தனை தானியங்கள்! மண் மாறும்போது கலத்தில் விழும் சோறும் மாறியது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

இன்று அதே வழியில் செல்லும் ஒருவருக்குக் காலையில் இட்டிலியும் நண்பகலில் வெள்ளைச் சோறும் இரவில் பரோட்டாவும் கிடைக்கும். மலையடிவாரமாயினும் கடற்கரையாயினும் உணவு விடுதியின் பலகையில் மாற்றமில்லை. தற்கால உணவுப் பழக்கம் என்றவுடன் பீட்சா, பர்கர், நூடுல்ஸ் ஆகியவற்றைச் சாடுவது மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அவை தீங்கற்றவை அல்ல. ஆயினும் அயலார் உணவைப் பழிப்பது எளிது; அதனால் கைதட்டலும் கிடைக்கும். நாள்தோறும் மூன்று வேளையும் உண்ணப்படுவது எதுவோ அதுவே உடலை ஆக்குவதும் அழிப்பதும் ஆகும். அவ்வகையில் பெரிய மாற்றம் நிகழ்ந்த இடம் தமிழர் வீட்டுச் சோற்றுப்பானையே.

உரலில் இட்டு உலக்கையால் குற்றிய அரிசியில் உமி நீங்கும். தவிடு ஓரளவு எஞ்சும். ஆலையில் தீட்டிய அரிசியில் தவிடும் முளையும் நீங்கி, மாவுச்சத்து மட்டுமே பெரிதும் மிஞ்சும். இதன் விளைவை உலகம் முதலில் அறிந்தது பெரிபெரி என்னும் நோயின் வாயிலாக. சாவகத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசியை உண்டபின் அவை எழுந்து நடப்பதையும் 1890களில் கண்டார். அதற்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. பழைய சென்னை மாகாணத்திலும் இந்நோய் இருந்தது. பச்சரிசியைத் தீட்டி உண்ட வடசர்க்கார் கரையோர மாவட்டங்களில் அது மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட பகுதிகள் பெரும்பாலும் தப்பின. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதே காரணம். உயிர்ச்சத்து என்ற சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே நெல் அவித்த பெண்டிரின் கைகள் அதைக் காத்து வந்திருக்கின்றன.

குன்னூரில் ஆய்வுக்கூடம் அமைத்துப் பணியாற்றிய இராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். முழுக் கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. சென்னை மாகாண அரிசியுணவை உண்ட எலிகளே எடையில் கடைசியாக நின்றன. அந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்திற்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் நீலகிரியில் கண்டறிந்து சொன்ன செய்தி மலையிறங்கிச் சமவெளிக்கு வந்து சேரவில்லை என்பது வருந்தத்தக்கது.

இருப்பினும் வெள்ளையரிசியை வில்லனாக்குவதும் நேர்மையாகாது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் தென்னாட்டில் பல இலட்சம் பேர் மாண்டனர். கரிசல் காட்டுக் குடிகளில் நெல்லுச்சோறு திருநாளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஏனைய நாட்களில் கம்பும் சோளமும் கேழ்வரகும். அவற்றை அம்மக்கள் விரும்பி மட்டும் உண்டனர் என்று இன்று பாடுவது, வேறு வழியின்றி உண்டவர் வறுமையை மறப்பதாகும். 1966இல் வந்த ஐ.ஆர்.8 முதலான புதிய நெல் வகைகளும், நியாயவிலைக் கடைகளும், 2011 முதல் தமிழகத்தில் விலையின்றி வழங்கப்படும் அரிசியும் அந்தப் பசியைப் போக்கின. வயிறு நிறைந்த தலைமுறை, பசித்திருந்த தலைமுறையின் ஏக்கத்தை ஏளனம் செய்யலாகாது.

பசி தீர்ந்த இடத்தில் நோய் புகுந்தது என்பதே இன்றைய சிக்கல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயினர் என்று மதிப்பிட்டது. நோயின் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 14 பேர் அந்நோயுடையோர். நார்ச்சத்து நீங்கிய சோறு விரைவில் சர்க்கரையாக மாறிக் குருதியில் கலக்கிறது. ஏற்றம் இறைத்தும் நாற்று நட்டும் உழைத்த உடல் அதனை எரித்துவிட்டது. நாற்காலியில் அமர்ந்திருக்கும் உடலால் அது இயலவில்லை. சோற்றின் அளவு மட்டும் உழவனுடையதாகவே நின்றுவிட்டது.

அளவு என்றவுடன் வள்ளுவர் நினைவுக்கு வருவார். 'மருந்து' என்ற அதிகாரத்தில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. பத்துக் குறளில் ஆறு, முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பது பற்றியே பேசுகின்றன. அவ்வதிகாரத்தைப் பிழையின்றி ஒப்பிக்கும் பலர் காலைச் சிற்றுண்டி செரிக்குமுன் பதினொரு மணிக்கு வடையும் தேநீரும் கொள்வதை இலக்கிய விழாக்களிலேயே காணலாம்!

ஐ.நா. அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் தினையும் சாமையும் வரகும் மீண்டு வந்துள்ளன. இது மகிழத்தக்கதே. ஆனால் உழைப்பாளியின் உணவாக இருந்த வரகு இன்று பளபளக்கும் பொட்டலங்களில், அரிசியினும் பன்மடங்கு விலையில் விற்கப்படுகிறது. அதனையும் ஆலையில் தீட்டி வெண்மையாக்கியே விற்போர் உளர். மேலும், தானியத்தை மட்டும் மாற்றி மாவுப்பொருளின் மொத்த அளவைக் குறைக்காவிட்டால் பயன் சிறிதே என்பதை 2025இல் வெளியான ஆய்வு உணர்த்தியுள்ளது. சோறு குறைந்து பருப்பும் பயறும் கீரையும் மீனும் முட்டையும் கூட வேண்டும். பெரும்பாணன் உண்ட விருந்திலும் சோறு தனித்து நிற்கவில்லை. அவரையோ பாலோ ஊனோ உடன் இருந்தது.

கவிஞர்கள் நிறைந்த அவையில் மற்றோர் இழப்பையும் குறிப்பிடுதல் தகும். உலக்கை போனபோது உலக்கைப் பாட்டும் போயிற்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் இளங்கோவடிகள் போற்றி வைத்த வள்ளைப் பாட்டு, ஒரு காலத்தில் வீட்டு முற்றங்களில் வாழ்ந்த வடிவம். அதற்காக உரலை மீட்டெடுங்கள் என்று பெண்களை நோக்கிச் சொல்லுதல் பொருந்தாது. அப்பாட்டின் தாளம் தோள்வலியால் பிறந்தது. விடியுமுன் எழுந்து நெல் குற்றியவளை அரிசி ஆலை விடுவித்தது; அவ்விடுதலையைத் திருப்பிக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. தவிட்டை முழுதும் நீக்காமல் தீட்ட ஆலைகளால் இயலும். வெண்மையை வேண்டுவது எந்திரமன்று, வாங்குவோரின் கண்.

உணவு பற்றிய உரைகள் பெரும்பாலும் என்ன உண்பது என்பதோடு நின்றுவிடுகின்றன. யார் எப்போது உண்கின்றனர் என்பதைத் தொடுவதில்லை. எல்லோருக்கும் பரிமாறிய பின் அமரும் பெண்ணுக்குப் பல வீடுகளில் காயும் கீரையும் மிஞ்சுவதில்லை. பானை அடியில் சோறும் சிறிது இரசமும் இருக்கும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். நீரிழிவும் சோகையும் ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றை உண்ணும் கணவனையும் மனைவியையும் தனித்தனியே பற்றி நிற்பதை மருத்துவமனை வரிசைகளில் காணலாம். அவர்கள் ஒரே வேளையில் அமர்ந்து, குழம்பிலுள்ள பருப்பையும் பொரியலையும் சமமாகப் பகிர்ந்துண்பதற்குப் புதிய தானியம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.