கம்புக்கு முன்னால காலடி
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



சின்னப் புள்ளைங்களுக்குச் சிலம்பம் கத்துக்கொடுக்கிறதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. "கம்பு எடுத்தா புள்ள முரடாயிடாதா?" என்று நிறைய அம்மாக்கள் கேட்கிறீங்க. நியாயமான கேள்விதான்.

சிலம்பத்தில் சேர்ந்த அன்னைக்கே கம்பைக் கையில கொடுத்துட மாட்டாங்க. முதல்ல மண்ணுக்கும் ஆசானுக்கும் வணக்கம். அப்புறம் காலடி. முன்னால ஒரு அடி, பின்னால ஒரு அடி, திரும்பு, மறுபடியும் அதே. வாரக்கணக்கா இதேதான். ஆறு வயசுப் புள்ளைக்கு அலுத்துப்போகும். "எப்போ கம்பு?" என்று தினமும் கேட்கும். நம்ம குழுவை நினைச்சுப் பாருங்க. ஆரம்பிச்ச மறுநாளே வங்கியில கடன் கொடுத்தாங்களா? ஆறு மாசம் கூட்டம் போட்டோம், சேமிச்சோம், நோட்டுல கணக்கு எழுதினோம். அப்புறம்தானே கடன் பேச்சே வந்தது! புள்ளைக்குக் காலடி அந்தச் சேமிப்பு மாதிரி.

கம்பு கைக்கு வந்த பிறகு கம்பே பாதி வாத்தியார். நிமிர்த்தி வச்சா புள்ளையோட நெற்றி அளவு உயரம் இருக்கணும். அவசரப்பட்டுச் சுத்தினா தன் முட்டியிலேயே படும். யாரும் திட்ட வேண்டியதில்லை, அடுத்த சுற்று தானா நிதானமாயிடும். ஜோடி போட்டு ஆடும்போதும் எதிராளியைத் தொட்டாத்தான் புள்ளி, அடிச்சுச் சாய்க்கிறதுக்கு இல்லை. கம்பு நுனியில பொடி தடவி, உடம்புல எத்தனை பொட்டு விழுந்ததுன்னு எண்ணுற பழைய வழக்கமும் உண்டு. வேகமா வர்ற கம்பைக் கண்ணை மூடாம பார்த்துத் தடுத்த புள்ள, வகுப்புல எழுந்து பதில் சொல்லவும் பயப்படாது.

ஆனா எல்லாப் பயிற்சியும் ஒன்னு இல்லை. 1986-ல அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. அடிதடியில் போற பையன்களைப் பிரிச்சு, ஒரு பிரிவுக்கு மரியாதை, தியானம் எல்லாம் சேர்த்து டேக்வாண்டோ சொல்லிக் கொடுத்தாங்க. இன்னொரு பிரிவுக்குச் சண்டை முறை மட்டும். ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா, முதல் பிரிவுப் பையன்களுக்குக் கோபம் குறைஞ்சிருந்தது. சண்டை மட்டும் படிச்சவங்களுக்குக் கூடிடுச்சு. அதனால மெடல் எத்தனை, சர்டிபிகேட் எப்போ என்று முதல் கேள்வியா கேட்காதீங்க. ரெண்டு நாள் போய் ஓரமா உட்கார்ந்து பாருங்க. தோத்த புள்ளைகிட்ட ஆசான் எப்படிப் பேசுறார்? பயிற்சி திறந்த இடத்துல நடக்குதா? பெத்தவங்க பார்க்கக் கூடாதுன்னு சொல்ற இடத்துக்குப் புள்ளையை அனுப்பவே அனுப்பாதீங்க. தப்பு நடக்குதுன்னு தெரிஞ்சா 1098-க்குப் போன் பண்ணுங்க.

இன்னொன்னு, இதைச் சொல்லத்தான் முக்கியமா வந்தேன். பொம்பளப் புள்ளைங்க நல்லா ஆடிக்கிட்டிருப்பாங்க. வயசுக்கு வந்ததும் நாமே நிறுத்திடறோம். அஞ்சு வருஷம் சேர்த்த தைரியத்தை, அது நிஜமா தேவைப்படுற வயசுல பிடுங்கிக்கிறோம். கேரளாவில் வடகரை மீனாட்சி அம்மா ஏழு வயசுல களரிக்குப் போனவங்க. அந்த ஊர்லயும் பெரிய பொண்ணானா நிறுத்துற வழக்கம் இருந்தது. அவங்க நிறுத்தலை. எழுபது வயசு தாண்டியும் சேலை கட்டிக்கிட்டே வாள் சுழற்றி, புள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. 2017-ல பத்மஸ்ரீ கிடைச்சது. சிலம்பமும் இப்போ சின்ன விஷயம் இல்லை. 2024 ஜனவரியில நம்ம தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் செயல்விளக்க விளையாட்டா இடம் பிடிச்சது.

செலவைப் பத்திக் கவலை வேண்டாம். கம்பு ஒன்னு, வெறுங்கால், காலி மைதானம் போதும். சாயங்காலம் புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர ஆள் இல்லைங்கிறதுதான் நம்ம வீடுகள்ல நிஜமான சிக்கல். ஒரு தெருவுக்கு ரெண்டு அம்மா முறை வச்சுக்கிட்டா முடியும். அடுத்த மாசக் கூட்டத்துல அந்த முறைப் பட்டியலைத் தீர்மான நோட்டுல எழுதிடலாம். பொம்பளப் புள்ளைங்க பேரை முதல்ல எழுதுங்க.