மாலை நிறத்துச் சடை



கூந்தலைப் பாடும் தமிழ்ப் புலவர்கள் பெரும்பாலும் அதன் கருமையையே பாடுவர். கார்மேகமும் மையும் இருளும் அவர்களுக்குப் பழகிய உவமைகள். சிவபெருமானின் சடையைப் பாடிய அருளாளர்களோ வேறு நிறங்களை நாடினர். செஞ்சடை, பொற்சடை, புன்சடை என்னும் சொற்கள் திருமுறைகளில் நிறைந்துள்ளன. திருப்பனந்தாள் திருத்தலத்தில் இறைவனுக்குச் செஞ்சடையப்பர் என்றே திருநாமம். சேரமான் பெருமாள் நாயனார் தமது பொன்வண்ணத்தந்தாதியில் சடைக்கு மின்னலின் நிறத்தைச் சாற்றினார். காரைக்கால் அம்மையார் கண்ட நிறமோ இவற்றினும் அரியது.

அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களைக் கொண்டது. அவற்றுள் ஒன்றில், ஒரு நாளின் பொழுதுகள் யாவற்றையும் அவர் இறைவன் திருவுருவில் காண்கின்றார். திருமேனி காலைப்பொழுது, திருநீறு நண்பகல், சடைக்கற்றை மாலை, நஞ்சுண்ட மிடறு நள்ளிருள்.

சடை சிவந்தது என்றிருந்தால் ஒரு நிறமே நம் நெஞ்சில் தோன்றும். மாலை என்றதனால் பொன்னும் செம்பும் குங்குமமும் கணந்தோறும் கலந்து மாறும் அந்திவானம் முழுவதும் தோன்றுகின்றது. வளர்பிறையின் தொடக்கத்தில் இளம்பிறை தோன்றுவதும் அந்தி மேற்கிலேயே அன்றோ! பிறைசூடிய பெருமானின் சடைக்கு இதனினும் பொருத்தமான நிறம் ஏது?

இனி, அம்மையாரின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். காரைக்காலில் புனிதவதியாராய் வளர்ந்த அவர் அழகும் செல்வமும் வாய்ந்தவர். மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவன் அவரை விட்டு நீங்கினான். அவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டாவென்று, இறைவனிடம் பேய் வடிவத்தை வேண்டிப் பெற்றார். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் அங்குள்ள பெண்பேயின் தோற்றத்தைப் பாடுகையில், அதன் பங்கி, அதாவது தலைமயிர், சிவந்திருந்தது என்கிறார். தம்மையும் காரைக்காற்பேய் என்றே கூறிக்கொள்கின்றார்.

எண்ணெய் காணாது வெயிலில் உலர்ந்து நிறம் மாறிய மயிரை உலகம் செம்பட்டை என்று இகழும். ஐயன் சடையோ அந்திவானாய் ஒளிர்வது. அம்மையார் பாடிய பேயின் மயிரோ சுடுகாட்டில் காய்ந்தது. இரண்டும் சிவந்தவையே. இரண்டும் ஒப்பனையைத் துறந்தவையே. கண்டோர் அஞ்சி விலகிய அவ்வடிவத்துடன் கயிலைக்கு அவர் தலையால் நடந்து சென்றபோது, தாயும் தந்தையும் இல்லாத இறைவன் அவரை "அம்மையே" என்றழைத்தான்.

திருக்கோயில் வாயிலில் செம்பட்டைத் தலையுடன் கையேந்தி அமர்ந்திருப்போரைக் காணும்போது முகம் சுளிக்க வேண்டா. உலகம் எள்ளிய நிறத்தையே இறைவன் தன் முடிமேல் தாங்கியிருக்கின்றான். மாலை வழிபாட்டிற்கு வரும் அன்பர்கள் ஒருகணம் மேற்கு வானை நோக்குக. அம்மையார் கண்ட சடை அங்கே விரிந்திருக்கும்.

திருச்சிற்றம்பலம்.