இரண்டு அலைகளும் ஒரு கழித்தலும்

(கும்மிடிப்பூண்டி ஒன்றிய ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் நம் பள்ளி மைதானத்திலிருந்தே பிள்ளைகள் பார்க்கிறார்கள். 2013 ஜூலை 1 அன்று அங்கிருந்து ஏவப்பட்டதுதான் நாவிக் வரிசையின் முதல் செயற்கைக்கோள்.

சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். ஆனால் வழியில் அயனி மண்டலத்தின் எலக்ட்ரான்கள் சிக்னலைத் தாமதப்படுத்துகின்றன. புவிக்காந்த நடுக்கோடு நம் தென்முனைக்கு அருகே செல்வதால் நமக்கு இந்தத் தொல்லை அதிகம்.

இதற்காகவே 1176.45, 2492.028 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைகள் அனுப்பப்படுகின்றன. தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். எனவே முதல் அலையின் பிழை, இரண்டாவதன் பிழையைப்போல் சுமார் 4.5 மடங்கு. இரண்டும் காட்டும் தூரங்களுக்கிடையே 7 மீட்டர் வேறுபாடு என்று வையுங்கள். இரண்டாவதன் பிழை 'அ' எனில், 4.5அ − அ = 7; அ = 2. முதல் அலையில் 9 மீட்டர், இரண்டாவதில் 2 மீட்டர் கழித்தால் போதும்.

காற்றின் கீழடுக்கு தரும் தாமதம் இரண்டு அலைகளுக்கும் ஒன்றே. அது தலைக்கு நேர்மேலே சுமார் 2.3 மீட்டர். இந்தக் கழித்தலில் அது சிக்காது. அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் கொண்டு தனியே கணக்கிட வேண்டும்.

“எதிர் விகிதம் எதுக்கு சார்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள். பழவேற்காட்டிலிருந்து கடலுக்குப் போகும் அப்பாவின் இடங்காட்டிக் கருவிக்கும் இதே வானம்தான் என்று சொல்லுங்கள்.